மென்பொருள் பொறுப்பேற்காது

ஆய்வு முறையியல் வகுப்பில் புள்ளியியல் மாதிரிகளின் அடிப்படையையும் நிரல் எழுதுவதையும் கற்பிப்பது காலவிரயம் என்று பேராசிரியர் ஒருவர் எழுதியிருக்கிறார். அவர் வைக்கும் வாதங்கள் மூன்று. மென்பொருளை வல்லுநர்கள் சோதித்திருக்கிறார்கள். மாணவருக்குப் பொத்தானை அழுத்தத் தெரிந்தால் போதும். சிக்கல் வந்தால் புள்ளியியலாளரிடம் போகலாம். மூன்றும் தவறு. முனைவர் பட்ட மாணவரை இதைவிட மலிவாக மதிப்பிட முடியாது.

வல்லுநர்கள் சோதித்த மென்பொருள்தான் எஸ்-பிளஸ். காற்றில் கலந்த துகளுக்கும் இறப்புக்கும் உள்ள தொடர்பை அமெரிக்காவின் 90 நகரங்களில் ஆராய்ந்தவர்கள் அதில்தான் கணக்கிட்டார்கள். கனமீட்டருக்கு 10 மைக்ரோகிராம் துகள் கூடினால் இறப்பு 0.41 சதவீதம் கூடுகிறது என்று விடை வந்தது. திரும்பத் திரும்பச் செய்யும் அந்தக் கணக்கை எந்த இடத்தில் நிறுத்துவது என்று மென்பொருளில் முன்கூட்டியே ஓர் அளவு வைக்கப்பட்டிருந்தது. அது இந்தத் தரவுக்குப் போதாது என்பதை 2002இல் அந்த ஆய்வாளர்களே கண்டுபிடித்தார்கள். அளவை இறுக்கியதும் 0.41 என்பது 0.27 ஆனது. தொடர்பு பொய்த்துவிடவில்லை, ஆனால் எண்ணில் மூன்றில் ஒரு பங்கு கரைந்துபோனது. உள்ளே என்ன நடக்கிறது என்று தெரிந்தவர்களால்தான் அதைப் பிடிக்க முடிந்தது.

பொத்தான் போதும் என்பவர் பொருளியலாளர்கள் ரைன்ஹார்ட், ரோகாஃப் இருவரின் 2010ஆம் ஆண்டுக் கட்டுரையைப் பார்க்க வேண்டும். அரசுக் கடன் நாட்டின் மொத்த உற்பத்தியில் 90 சதவீதத்தைத் தாண்டினால் சராசரி வளர்ச்சி மைனஸ் 0.1 சதவீதம் என்றது அது. அரசுகளின் செலவைக் குறைக்கச் சொன்னவர்கள் அதை ஆதாரமாகக் காட்டினார்கள். மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகத்தின் ஆம்ஹெர்ஸ்ட் வளாகத்தில் முனைவர் பட்ட மாணவராக இருந்த தாமஸ் ஹெர்ண்டன், வகுப்புப் பயிற்சிக்காக அந்தக் கணக்கைத் திரும்பச் செய்து பார்த்தார், விடை ஒத்துவரவில்லை. கட்டுரையாளர்களிடமிருந்து எக்செல் கோப்பைப் பெற்றுப் பார்த்தபோது, 49ஆம் வரிசை வரை போக வேண்டிய சராசரி 44ஆம் வரிசையிலேயே நின்றிருந்தது. ஆங்கில அகரவரிசையில் ஆஸ்திரேலியா முதல் டென்மார்க் வரை ஐந்து நாடுகள் கணக்கில் இல்லை.

ஆனால் இந்தப் பிழையால் விளைந்த வேறுபாடு 0.3 சதவீதப் புள்ளிதான். பெரிய சேதத்தைச் செய்தவை ஆய்வாளர்களின் தேர்வுகள். சில ஆண்டுகளின் தரவு விடுபட்டிருந்தது. நியூசிலாந்தின் 1951 என்ற ஒற்றை ஆண்டின் மைனஸ் 7.6 சதவீதத்துக்கும், பிரிட்டனின் 19 ஆண்டுச் சராசரிக்கும் சம எடை தரப்பட்டிருந்தது. 2013இல் ஹெர்ண்டனும் அவருடைய ஆசிரியர்கள் இருவரும் வெளியிட்ட திருத்தத்தில் வளர்ச்சி 2.2 சதவீதம் என்று வந்தது. எக்செல் தனக்குச் சொன்னதைத்தான் செய்தது. எதைச் சொல்வது என்பதைக் கற்றுத்தரும் இடம் முறையியல் வகுப்பு. அதைத்தான் பேராசிரியர் மூடச் சொல்கிறார்.

நம் மாணவர்களின் தரவுக் கோப்பைத் திறந்து பாருங்கள். விவசாயிக்கு 1, நெசவாளருக்கு 2, ஆசிரியருக்கு 3, பதில் சொல்லாதவருக்கு 99 என்று குறியிட்டிருப்பார்கள். இவை வெறும் அடையாள எண்கள் என்று சொல்லாமல் விட்டால், மென்பொருள் எஸ்.பி.எஸ்.எஸ். ஆனாலும் ஆர் ஆனாலும் இவற்றைக் கூட்டி வகுத்து, தொழிலின் சராசரியைத் தந்துவிடும். அந்தச் சராசரிகளை ஒப்பிட்டால் பி-மதிப்பு, வழக்கமாக முக்கியம் என்று கொள்ளப்படும் 0.05க்குக் கீழே கூட வரலாம். அந்த அட்டவணை ஆய்வேட்டில் ஏறி, வாய்மொழித் தேர்விலும் தப்பிவிடும்.

புள்ளியியலாளரிடம் போகலாம் என்ற மூன்றாவது வாதத்துக்கு 1938லேயே பதில் வந்துவிட்டது. இந்தியப் புள்ளியியல் மாநாட்டின் தலைமையுரையில் புள்ளியியலாளர் ரொனால்ட் ஃபிஷர், சோதனை முடிந்த பிறகு புள்ளியியலாளரை அழைப்பதைப் பிரேதப் பரிசோதனைக்கு ஒப்பிட்டார். எதைக் கேட்பது என்று தெரியாத மாணவர் சோதனைக்கு முன்னால் அவரிடம் போகவும் மாட்டார். நடைமுறையில் மாணவர் போகுமிடம், பணம் வாங்கிக்கொண்டு அட்டவணை போட்டுத்தரும் இடம்.

ஒவ்வோர் ஆய்வேட்டோடும் தரவும் நிரலும் இணைக்கப்பட வேண்டும். எந்த மாதிரியை ஏன் தேர்ந்தீர்கள் என்று ஒவ்வொரு வாய்மொழித் தேர்விலும் கேட்கப்பட வேண்டும். அதற்குப் பதில் சொல்லத் தெரியாதவருக்கு முனைவர் பட்டம் தரக் கூடாது. அந்தப் பதிலைக் கற்றுத்தரத் தேவையில்லை என்பவர் முறையியல் பாடத்திட்டத்தை வகுக்கவும் கூடாது.