சடுகுடுவுக்குக் கை தட்ட யார் இருக்கிறார்கள்?



உலகக் கோப்பைப் பந்தாட்டம் வந்துவிட்டால் நம் திருவனந்தபுரத்தில் தெருவுக்குத் தெரு அர்ஜென்டினாக் கொடியும் பிரேசில் கொடியும் பறக்கின்றன. நம் வீட்டுப் பிள்ளைகளும் கொடி பிடிக்கிறார்கள். அதில் குறை காண நான் எழுதவில்லை. வாழும் மண்ணின் உற்சாகத்தில் கலந்துகொள்வதுதான் முறை. ஆனால் அதே பிள்ளைகளிடம் சடுகுடுவில் ஒரு பக்கத்துக்கு எத்தனை பேர் என்று கேட்டுப் பாருங்கள். பலர் விழிப்பார்கள்.

இந்த விஷயத்தில் அயர்லாந்துக்காரர்களிடம் நாம் கற்க வேண்டியது உண்டு. தங்கள் நாட்டு ஆட்டங்கள் அழிந்துவிடக் கூடாது என்று 1884ல் தர்லஸ் என்ற ஊரில் கூடி ஒரு சங்கம் அமைத்தார்கள். கையாலும் காலாலும் ஆடும் கேலிக் கால்பந்து, மட்டையால் ஆடும் ஹர்லிங் இரண்டும் அதனால் தழைத்தன. இன்று டப்ளின் நகரத்துக் குரோக் பார்க் மைதானத்தில் 82,300 பேர் அமரலாம். இத்தனைக்கும் ஆடுகிறவர்களுக்குச் சம்பளம் கிடையாது. பள்ளி ஆசிரியரும் விவசாயியும் வேலை முடிந்து பயிற்சிக்குப் போய்த் தம் மாவட்டத்துக்காக ஆடுகிறார்கள். ரசிகனுக்கு அவர்கள் அடுத்த தெருப் பிள்ளைகள். பிழைக்கப் போன இடத்திலும் அவர்கள் இதை விடவில்லை. லண்டனுக்கும் நியூயார்க்குக்கும் தனி அணிகள் உண்டு. கன்னாட் மாகாணப் போட்டியில் அவையும் ஆடுகின்றன. 2013ல் லண்டன் அணி அந்த மாகாண இறுதி ஆட்டம் வரை வந்தது.

நம் கதை என்ன? 1990ல் பெய்ஜிங் ஆசிய விளையாட்டில் கபடி முதன்முதலாகப் பதக்க ஆட்டமாயிற்று. தங்கம் இந்தியாவுக்கு வந்தது. 1994ல் ஹிரோஷிமாவில் தங்கம் வென்ற அணியில் தூத்துக்குடிப் பக்கத்து மணத்தி கணேசன் இருந்தார். அடுத்த ஆண்டு அர்ஜுனா விருது பெற்றார். நான் பணிபுரிந்த ரயில்வேயும் கபடி வீரர்கள் பலருக்கு வேலை கொடுத்து, தேசியப் போட்டிகளில் பலமுறை வென்றிருக்கிறது.

2014ல் புரோ கபடி தொடங்கியது. 2017ல் தமிழ் தலைவாஸ் அணி சேர்ந்தது. அதன் முதல் தலைவர் அஜய் தாக்கூர், இமாசலப் பிரதேசத்துக்காரர். 2022ல் பவன் செராவத்தை 2 கோடியே 26 லட்சத்துக்கு ஏலத்தில் எடுத்தார்கள். வீரனுக்கு நல்ல வருமானம் வருவது நியாயமே. ஆனால் பாசத்தை ஏலத்தில் எடுக்க முடியாது. 2025ல் பஹ்ரைனில் ஆசிய இளையோர் போட்டியில் தங்கம் வென்ற பெண்கள் அணியில் சென்னைக் கண்ணகி நகர்ப் பெண் கார்த்திகா இருந்தார். 'எங்கள் கார்த்திகா' என்று அந்தக் குடியிருப்பே கொண்டாடியதே, அதுதான் பாசம்.

ஒரு எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். அந்த அயர்லாந்துச் சங்கம் தன் உறுப்பினர்கள் கால்பந்து, கிரிக்கெட் போன்ற அந்நிய ஆட்டங்களில் சேரக் கூடாது என்று நெடுங்காலம் தடை விதித்திருந்தது. 1971ல் அதை நீக்கிவிட்டது. தடை போனதால் ஆட்டம் அழியவில்லை. ஆகவே பிள்ளையின் கையிலிருந்து பந்தைப் பிடுங்க வேண்டாம். பக்கத்தில் ஒரு கோடு கிழித்துக் கொடுத்தால் போதும்.

செலவும் பெரிதில்லை. ஆண்கள் கபடிக் களம் 13 மீட்டருக்கு 10 மீட்டர். சிறுவர்களுக்கு அதிலும் குறைவு. மட்டை வேண்டாம், பந்து வேண்டாம். கல் பொறுக்கிய மண்ணும் கொஞ்சம் சுண்ணாம்பும் போதும். பொங்கல் விழாவில் எலுமிச்சை கரண்டி ஓட்டத்தோடு சடுகுடுவும் இருக்கட்டும். கரமனைப் பிள்ளைகள் ஒரு பக்கம், சாலைப் பிள்ளைகள் ஒரு பக்கம். மலையாளத்து நண்பர்களையும் சேர்த்துக்கொள்ளலாம். பெற்றோர் நாற்காலியை விட்டு எழுந்து கோட்டருகே நின்று கத்த வேண்டும். பார்க்க ஆள் இருந்தால்தான் பாடி வருகிற பிள்ளைக்கு மூச்சு நிற்கும்.