நாலு வயலும் ஒரு கயிறும்

"நாலு வயலை அறுத்துப் பார்த்துப் போட்டு ஊருக்கே மகசூல் சொல்றாங்க, இதெல்லாம் ஒரு கணக்குங்களா?" பயிர்க் காப்பீட்டுப் பேச்சு வந்தால் கோபியில் எந்த டீக்கடையிலும் இந்தக் கேள்வி வந்துவிடும். கோபம் நியாயமானதுதான். ஆனால் அது போக வேண்டிய இடம் வேறு என்பது என் கருத்து.

நாலு என்பது உண்மைதான். 2016-ல் வந்த பிரதமர் பயிர்க் காப்பீட்டுத் திட்டத்தில், முக்கியப் பயிருக்குக் கிராமமே ஓர் அலகு என்றால் குறைந்தது நாலு இடத்தில் அறுவடைப் பரிசோதனை நடக்க வேண்டும். ஒவ்வோர் இடத்திலும் அரை சென்ட், ஒரு சென்ட் அளவுள்ள துண்டைக் கயிறு கட்டி அறுத்து, அடித்து, தூற்றி, எடை போடுவார்கள். அந்த எடையிலிருந்து கிராமத்தின் சராசரி. அதை உத்தரவாத மகசூலோடு ஒப்பிட்டு, குறைந்தால் குறைந்த விகிதத்துக்கு இழப்பீடு. உங்கள் வயலில் என்ன விளைந்தது என்று யாரும் பார்ப்பதில்லை.

ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்று சமாதானம் சொல்பவர்கள் உண்டு. பானைச் சோறு ஒரே தண்ணீரில், ஒரே நெருப்பில் வேகிறது. ஊர் அப்படியா? வாய்க்கால் தலைப்பில் ஒருவர், கடைமடையில் ஒருவர், கிணற்றை நம்பி ஒருவர். கலக்காத பானை அது. அதனால்தான் எத்தனை வயல் என்பதைவிட, எந்த வயல் என்பதை யார், எப்படி முடிவு செய்தார்கள் என்பது முக்கியமாகிறது.

எண்ணிக்கை மட்டும் காப்பாற்றாது என்பதற்கு அமெரிக்காவில் பழைய கதை ஒன்று உண்டு. 1936 தேர்தலில் ஒரு பத்திரிகை ஒரு கோடிப் பேருக்கு அட்டை அனுப்பி, 20 லட்சத்துக்கு மேல் பதில் வாங்கி, லாண்டன் ஜெயிப்பார் என்றது. ரூஸ்வெல்ட் அமோகமாக ஜெயித்தார். தொலைபேசியும் காரும் வைத்திருந்தவர்களின் பட்டியலிலிருந்துதான் பெரும்பாலும் முகவரி எடுத்திருந்தார்கள்.

நான் பாண்டிச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவன். மாதிரிக் கணக்கெடுப்புக்கு அந்த மொழியில் 'சொந்தாஜ்' என்பார்கள். கப்பலிலிருந்து ஈயக்குண்டைக் கயிற்றில் விட்டுக் கடலின் ஆழம் பார்ப்பதுதான் மூலப் பொருள். லாப்லாஸ் என்ற மேதை 1802-ல் பிரான்சின் ஜனத்தொகையை அப்படித்தான் ஆழம் பார்த்தார். 30 மாவட்டங்களில் சில ஊர்களை மட்டும், சுமார் 20 லட்சம் பேரை, எண்ணச் சொன்னார். ஆண்டுக்கு ஒரு பிறப்புக்கு 28 பேர் என்று வந்தது. நாட்டின் மொத்தப் பிறப்பு 10 லட்சம், ஆக 2.8 கோடி. அழகான வேலை. ஆனால் ஊர்களை எப்படிப் பொறுக்கினார் தெரியுமா? மேயர் கெட்டிக்காரராகவும் ஆர்வமுள்ளவராகவும் இருந்த ஊர்களாகப் பார்த்து. கெட்டிக்கார மேயர் இருக்கும் ஊரும் சோம்பேறி மேயர் இருக்கும் ஊரும் ஒன்றுதானா என்று அன்று யாரும் கேட்கவில்லை.

நம் விதிமுறை அந்த விஷயத்தில் லாப்லாஸைவிட மேல். சர்வே எண்ணைச் சமவாய்ப்பு எண் அட்டவணை சொல்ல வேண்டும். வயலுக்குள் எத்தனை அடி நடந்து கயிறு கட்டுவது என்பதையும் எண்தான் சொல்ல வேண்டும். மனிதக் கை படக் கூடாது. படுகிறது என்பதுதான் ஊர்ப் பேச்சு. எண் காட்டிய வயலுக்கு வண்டி போகாது, அதனால் தார் ரோட்டோரம் ஒன்று. சில நேரம் இரக்கத்தாலும் நடக்கும்: பாவம், காய்ந்த வயலாகப் பார்த்து அறுப்போமே என்று. இரக்கத்தையும் நான் ஏற்கமாட்டேன். இன்று நமக்குச் சாதகமாக வளைகிற கயிறு நாளை யாருக்காகவும் வளையும்.

கயிறு என்றதும் இன்னொன்று. 1940-களில் மகலனோபிஸுக்கும் சுகாத்மேக்கும் இதைப் பற்றிப் பெரிய சர்ச்சை. மகலனோபிஸ் சின்னத் துண்டுகள் போதும் என்றார். துண்டு சிறுத்தால் ஓரத்துச் செடிகளை உள்ளே சேர்த்துவிடுவார்கள், மகசூல் கூடித் தெரியும் என்றார் சுகாத்மே. கணக்குப் போட்டுப் பாருங்கள். 5 மீட்டர் சதுரத்தில் கயிறு ஒவ்வொரு பக்கமும் 10 சென்டிமீட்டர் வெளியே போனால் பரப்பு 25-லிருந்து 27.04 சதுர மீட்டர். எட்டு சதவீதம்தானே என்று தோன்றும். உத்தரவாத மகசூல் ஏக்கருக்கு 2000 கிலோ, உண்மையில் விளைந்தது 1850 என்று வைத்துக்கொள்வோம். அந்தக் கயிறு அதை 2001 ஆக்கிவிடும். இழப்பீடு பூச்சியம். யாரும் திருடவில்லை, பொய் எழுதவில்லை. நான்கு விரல் அகலம்தான்.

ஒழுங்காக ஒன்று விட்டு ஒன்று எடுத்தால் நியாயமாகிவிடும் என்பாரும் உண்டு. அவர்கள் கீழ்பவானி வாய்க்காலை நினைத்துப் பார்க்க வேண்டும். 2,07,000 ஏக்கரில் பாதிக்கு ஒரு பருவம் நெல்லுக்குத் தண்ணீர், மறுபாதிக்கு அடுத்த பருவம் புன்செய்க்கு. பிரதான வாய்க்காலில் அந்தப் பாதிகள் ஒற்றைப்படை மதகு, இரட்டைப்படை மதகு என்றுதான் பிரிகின்றன. ஒன்று விட்டு ஒரு மதகை எடுத்தால் முழுக்க நெல்லாக வரும், இல்லை நெல்லே வராது. கொடிவேரியிலிருந்து பிரியும் தடப்பள்ளி வாய்க்காலில் அந்தச் சிக்கல் இல்லை, ஆனால் தலைப்பும் கடைமடையும் அங்கேயும் உண்டு. ஊருக்கு நாலு துண்டு என்றால், வாய்க்கால் பாசனத்துக்கும் கிணற்றுப் பாசனத்துக்கும் தனித்தனியாகப் பிரித்து எண் போட வேண்டும் என்பேன்.

இப்போது செயலியில் படமும் இடக்குறியும் பதிகிறார்கள். நல்லதுதான், ஆனால் அது அதிகாரிகளுக்குத் தெரிகிற காட்சி. சர்வே எண் விழுந்த அன்றே அதை ஊராட்சி அறிவிப்புப் பலகையில் ஒட்டட்டும், அறுக்கும் நாளையும் சேர்த்து. அன்று நம் விவசாயிகள் பத்துப் பேர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அந்த வயல் வரப்பில் போய் நிற்கட்டும். கையில் சொந்தமாக ஒரு அளவு நாடாவும் இருக்கட்டும்.