கருச் சிதைத்தோர் யார்?

கருக்கலைப்பு அறத்தோடு ஒத்ததா, ஒவ்வாததா என்னும் சொல்லாடல் எழும்போதெல்லாம் நம் அன்பர்களுள் ஒருசாரார் புறநானூற்றைக் கையில் எடுக்கின்றனர். முப்பத்து நான்காம் பாட்டு. கிள்ளிவளவனை ஆலத்தூர் கிழார் பாடியது. ஆவின் மடியை அறுத்தவரையும் மகளிரின் கருவைச் சிதைத்தவரையும் கொடியோர் வரிசையில் நிறுத்துகின்ற பாட்டு அது. “ஈராயிரம் ஆண்டுக்கு முன்பே தமிழன் இதனைப் பெரும்பழி என்று தள்ளிவிட்டான், இன்று இதற்கு உரிமை கேட்பது மேலைநாட்டு நோய்” என்று கூறி, அத்துடன் வழக்கை முடித்தும் விடுகின்றனர்.

பாட்டை முழுதும் படித்தவர் இத்துணை விரைந்து முடிக்க மாட்டார். அப்பாட்டு கருவைப் பற்றிப் பேச வந்ததே அன்று. செய்ந்நன்றி மறத்தலைப் பற்றிப் பேச வந்தது. அத்தகு கொடுமை செய்தார்க்கும் கழுவாய் உண்டு. நன்றி கொன்றார்க்கு மட்டும் உய்வில்லை என்று அறம் கூறிற்று என்பதே புலவர் கருத்து. (கொடியோர் வரிசையில் மூன்றாவதாக வருவோர் குரவர்க்குத் தவறிழைத்தோரா, பார்ப்பார்க்குத் தவறிழைத்தோரா என்பதில் பாட வேறுபாடு உண்டு. அந்த வழக்கை வேறோர் இதழில் வைத்துக் கொள்வோம்.) ஆகவே கருச்சிதைவு பழி எனினும் கழுவாய் உள்ள பழி என்று முதற்கண் கொள்ளல் வேண்டும்.

இதனினும் இன்றியமையாதது அத்தொடரின் இலக்கணம். புலவர் ‘கருச் சிதைத்த மகளிர்’ என்று கூறினாரில்லை. மகளிரது கருவைச் சிதைத்தோர் என்ற பொருள்படவே கூறினார். அங்கு மகளிர் கருவுக்கு உடையவர். சிதைத்தவர் வேறோர் ஆள். முன்வரும் உவமையும் அதற்கே துணை நிற்கின்றது. ஆவின் மடியை அறுத்தவனுக்குப் பழி உண்டு. ஆவுக்குப் பழி உண்டோ? தன் கருவைத் தானே கலைத்துக் கொள்ளும் பெண்ணைப் பற்றி அப்பாட்டு ஒன்றும் கூறவில்லை. கூறாததைக் கூறியதாகக் காட்டி அவளுக்கு உரிமைப் பட்டயம் எழுதித் தரவும் நான் முயலவில்லை. பெண்ணை ஒறுப்பதற்கு அப்பாட்டைச் சான்றாக இழுக்காதீர்கள் என்பதே என் வேண்டுகோள்.

‘சிதைத்தோர் யார்’ என்னும் இக்கேள்வியோடு இந்நாட்டுச் சட்டத்தைப் பார்ப்போம். 1860-இல் ஆங்கிலேயர் இயற்றிய குற்றச் சட்டத்தின் 312-ஆம் பிரிவு, தாயின் உயிரைக் காக்கும் நல்லெண்ணத்தால் அன்றிக் கருக்கலைப்போர்க்கு மூன்றாண்டு வரையும், கருவில் அசைவு தோன்றியபின் எனில் ஏழாண்டு வரையும் சிறை என்றது. அத்துடன் விடவில்லை. தன் கருவைத் தானே கலைத்துக்கொள்ளும் பெண்ணும் இப்பிரிவுக்கு உட்பட்டவளே என்று ஒரு விளக்கக் குறிப்பையும் அடியிற் சேர்த்தது. ஆங்கிலேயர் போயினர். பழைய சட்டத்தை அகற்றி வேற்றுமொழிப் பெயரில் புதுச் சட்டம் ஒன்றை நடுவணரசு 2024 சூலை முதல் நடைமுறைக்குக் கொண்டுவந்தது. அடிமைத் தளையை அறுத்தெறிந்ததாக முழங்கவும் செய்தது. அப்புதுச் சட்டத்தின் 88-ஆம் பிரிவை எடுத்துப் பாருங்கள். அதே குற்றம், அதே ஒறுப்பு, அதே விளக்கக் குறிப்பு!

இடையில் 1971-இல் மருத்துவ முறைக் கருக்கலைப்புச் சட்டம் வந்ததே என்பீர்கள். வந்தது. 1964-இல் அமைக்கப்பெற்ற சாந்திலால் சா குழு 1966-இல் தந்த அறிக்கையின் பயன் அது. மறைவிடங்களில் கருக்கலைத்து மாண்ட பெண்களின் துயரத்தை அக்குழு எடுத்துக் கூறியது உண்மையே. ஆனால் அச்சட்டம் யாருக்கு இசைவு தந்தது? மருத்துவருக்குத் தந்தது. இன்னின்ன நிலையில் கருக்கலைத்த மருத்துவர் குற்றவாளி ஆகார் என்றது. 12 கிழமை வரை ஒரு மருத்துவரும் 20 கிழமை வரை இரு மருத்துவரும் நல்லெண்ணத்தோடு கருதினால் கலைக்கலாம். கருத்தடை பொய்த்ததைக் கரணியமாகக் காட்டும் உரிமையும் மணமான பெண்ணுக்கும் அவள் கணவனுக்குமே அளிக்கப்பட்டது. மணமாகாதவளும் கைம்பெண்ணும் சட்டத்தின் கண்ணில் கருவுறும் உடல் படைத்தவர் அல்லர் போலும்!

2021-இல் திருத்தம் வந்து ‘கணவன்’ என்னும் சொல் ‘துணைவர்’ ஆயிற்று. சில வகைப் பெண்களுக்கு எல்லை 24 கிழமையாக உயர்ந்தது. அந்நீட்டிப்பு மணமாகாதவருக்கும் உண்டென்று உச்ச நயன்மன்றம் 29.9.2022 அன்று தீர்ப்புரைத்தது. இவை நல்லவை. எனினும் அடித்தளம் மாறவில்லை. குற்றம் என்பது விதி. மருத்துவர் ஒப்பினால் விலக்கு. பெண் கேட்பவளாகவே நிற்கின்றாள்; முடிவு வேறொருவர் கையில் இருக்கின்றது. 2015-இல் இந்தியாவில் ஏறத்தாழ 1 கோடியே 56 இலக்கம் கருக்கலைப்புகள் நடந்தன என்றும், அவற்றுள் 73 விழுக்காடு மருத்துவமனைகளுக்கு வெளியே வில்லைகளை விழுங்கியே நடந்தன என்றும் 2018-இல் வெளிவந்த ஓர் ஆய்வு கணித்துள்ளது. சட்டத்தின் வாயில் அகலத் திறந்திருக்குமாயின் இத்தனை பெண்கள் ஏன் கொல்லைப்புற வழியே செல்கின்றனர்?

அன்றைய ஆட்சியாளர்க்கு மக்கள்தொகை அச்சமும் இருந்தது. அவ்வச்சம் எங்குக் கொண்டுபோய் விட்டது என்பதை நெருக்கடிநிலைக் காலத்தில் கண்டோம். 1976–77 என்னும் ஓராண்டில் மட்டும் 80 இலக்கத்திற்கும் மேற்பட்டோர்க்குக் கருத்தடை அறுவை செய்தனர். வற்புறுத்தலால் நிகழ்ந்தவை எத்தனை என்பதற்கு ஊர்தோறும் கதை உண்டு. பிள்ளை பெறாதே என்று கட்டளையிடும் அரசு, பெறு என்றும் ஒருநாள் கட்டளையிடும். கருப்பையை நாட்டுக் கணக்கேட்டில் ஒரு பத்தியாக எழுதிக்கொண்டவர்க்கு இரண்டும் ஒன்றே.

இதனை முன்னரே உணர்ந்தவர் பெரியார். கருத்தடை வேண்டும் என்று 1930-ஆம் ஆண்டளவில் அவர் எழுதியபோது, பிறர் நாட்டு வறுமையையும் தாயின் உடல்நலத்தையும் கரணியமாகக் காட்டினர்; அவரோ பெண்ணின் விடுதலையையே கரணியமாகக் காட்டினார். கடவுட் கொள்கையில் அவரோடு உடன்படாத அன்பர்களும் இவ்வேறுபாட்டைக் கருதிப் பார்த்தல் வேண்டும்.

இங்கு நம்மவரிடம் ஒரு சொல் வெளிப்படையாகவே கூறுவேன். தமிழ்நாட்டின் பிறப்பு வீதம் குறைந்துவிட்டது. நாடாளுமன்ற இடங்கள் 1971-ஆம் ஆண்டுக் கணக்கின்மேல் 1976-இல் உறையவைக்கப்பெற்று, அவ்வுறைவு பின்னர் 2026 வரை நீட்டிக்கப்பெற்றது. மறுவரையறையில் நம் குரல் சுருங்கும் என்னும் அச்சம் வெற்றச்சம் அன்று. ஆனால் அதற்கு மருந்தாக, ‘தமிழச்சிகள் மிகுதியாகப் பெறுக, கருக்கலைப்பு இனக்கேடு’ என்று மேடையில் முழங்குவது எவ்வகை அறம்? தில்லி இழைக்கும் முறைகேட்டைத் தில்லியிடம் கேட்கத் துணிவின்றி, அதன் சுமையை நம் வீட்டுப் பெண்ணின் வயிற்றில் ஏற்றுவதா? இனம் என்பது அவளையும் உள்ளடக்கியதன்றோ?

கருவும் உயிரன்றோ என்பார்க்கு விடையிறுக்கக் கடப்பாடு உண்டு. உயிர்தான், மறுப்பாரில்லை. ஆனால் ஓர் உயிரைத் தன் குருதியால் தாங்குபவளை அவள் விருப்பத்திற்கு மாறாகத் தாங்கச் செய்யலாமா என்பதே கேள்வி. அயர்லாந்து நாடு 1983-இல் கருவின் உயிருரிமையைத் தாயின் உயிருரிமைக்கு ஒப்பாகத் தன் அரசியல் சட்டத்திலேயே எழுதிற்று. 2012-இல் அங்குக் கருநாடகத்தினின்று சென்று வாழ்ந்த ஓர் இளம் பல்மருத்துவர், 17-ஆம் கிழமையில் கரு தானே சிதையத் தொடங்கியதால் மருத்துவமனை சேர்ந்தார். கரு பிழைக்காது என்பது தெரிந்திருந்தது. அவர் கலைக்கக் கேட்டும், கருவின் இதயம் துடிக்கின்றது என்று கூறிக் காலந்தாழ்த்தினர். குருதி நஞ்சேறி அவர் மாண்டார். கருவும் பிழைக்கவில்லை. 2018-இல் அந்நாட்டு மக்களே 66 விழுக்காட்டினர் வாக்களித்து அவ்விதியை நீக்கினர்.

இனி, என் வழக்கிற்கு உண்மையிலேயே கடினமான இடத்திற்கு வருகின்றேன். முடிவு பெண்ணுடையதே எனில், பெண்கரு என்று அறிந்து கலைப்பவளை என் செய்வது? உசிலம்பட்டிப் பகுதியிலும் சேலம், தருமபுரி மாவட்டங்களிலும் பிறந்த பெண்மகவுக்குக் கள்ளிப்பால் ஊற்றிய கொடுமையை நாடறியும். 1992-இல் தொட்டில் குழந்தைத் திட்டம் வந்ததும் அதனாலேயே. கள்ளிப்பாலின் வேலையைப் பின்னர் ஊடலைப் படக்கருவி எடுத்துக்கொண்டது. தமிழ்நாட்டில் ஆறு அகவைக்கு உட்பட்ட ஆண் குழந்தைகள் ஆயிரவர்க்குப் பெண் குழந்தைகள் 1991-இல் 948 பேர், 2001-இல் 942, 2011-இல் 943.

இக்கொடுமையில் பெண்ணின் முடிவு என்று ஒன்று உண்டா என்று முதலில் கேளுங்கள். வரதட்சிணைப் பேச்சும் மாமியார் முகமும் மறுமணம் செய்துகொள்வேன் என்னும் கணவனின் அச்சுறுத்தலும் சேர்ந்து எடுத்த முடிவுக்கு அவள் உடல் கருவியாகின்றது. ஆலத்தூர் கிழார் காட்டிய ‘சிதைத்தோர்’ இவர்களே. வியப்பென்னவெனில், இவ்வுண்மையை இந்நாட்டுச் சட்டமே ஓரிடத்தில் ஒப்புக்கொண்டுள்ளது. கருவின் பாலறிதலைத் தடுக்கும் 1994-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 24-ஆம் பிரிவு, அவ்வாய்வுக்கு உட்பட்ட பெண்ணைக் கணவனோ உறவினரோ கட்டாயப்படுத்தினர் என்றே, மாறாக மெய்ப்பிக்கப்படும்வரை, நயன்மன்றம் கொள்ளல் வேண்டும் என்கின்றது. ஒரு சட்டம் அவளை நெருக்குண்டவள் என்கின்றது. மற்றொன்று அவளையே குற்றவாளி என்கின்றது. பெண்கருவைக் காக்க வேண்டுவது பால்சொல்லும் மருத்துவனையும் அதற்கு விலைபேசும் குடும்பத்தையும் ஒறுத்தலே. அதற்கெனப் பிற பெண்கள் அனைவர் கையையும் கட்டுதல் தேவையன்று.

கிழமை எல்லையே கூடாது என்பாரோடு நான் உடன்படவில்லை. வெளியே வந்தாலும் பிழைக்கத்தக்க அளவு வளர்ந்துவிட்ட கருவின் உரிமை, ஆறாம் கிழமைக் கருவின் உரிமையினும் கனமானது. அங்கு மருத்துவர் குழு ஆராய்வதில் முறை உண்டு. 2023 அத்தோபரில் 26 கிழமைக் கருவைக் கலைக்கக் கேட்ட ஒரு தாய்க்கு உச்ச நயன்மன்றம் முதலில் இசைந்து, ஒரே கிழமைக்குள் மறுத்தது. அந்நயன்மன்றமே தடுமாறிய இடத்தில் நாம் எளிதாகத் தீர்ப்புச் சொல்வதற்கில்லை. ஆனால் காலம் கடந்து வரும் பெண்களுள் எத்தனை பேரைக் காலந்தாழ்த்தியது அச்சமும் அலைக்கழிப்பும் என்பதையும் எண்ணுதல் வேண்டும்.

முதற் பன்னிரு கிழமைக்குள் பெண்ணின் சொல்லே போதும் என்றும், வட்ட மருத்துவமனை ஒவ்வொன்றிலும் அவள் பெயர் வெளிப்படாமல் இப்பணி கிடைத்தல் வேண்டும் என்றும், 88-ஆம் பிரிவின் அடியில் உள்ள அவ்விளக்கக் குறிப்பை நீக்குதல் வேண்டும் என்றும் நம் அடுத்த மாநாட்டில் தீர்மானம் வருமாயின், முன்மொழிய நான் அணியமாக உள்ளேன். வழிமொழிபவர் நம் மகளிரணியினின்று வருதல் நன்று.