தொப்பிக்குக் கீழே யார்?

அமெரிக்கர்கள் 'வெஸ்டர்ன்' என்று சொல்லும் குதிரையும் துப்பாக்கியுமான கதைகளைப் பழைய டெலிவிஷன் தொடர்களில் பார்த்துப் பழகிய வீடுகளில் ஒரு வழக்கு அடிக்கடி உண்டாவதுண்டு. கதாநாயகனைப் பற்றி அங்கே யாரும் வழக்காடுவதில்லை. அவன் பெயரைப் பெரிய எழுத்துக்களில் முதலிலேயே போட்டு, பாண்டு வாத்தியமும் முழக்கி விடுகிறார்கள். குழந்தைக்குக்கூட அவனைத் தெரியும். வழக்கெல்லாம், இரண்டாவது காட்சியில் மதுக்கடைக் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே நுழைகிறாரே, அந்த ஒட்டிய கன்னத்து ஆசாமியைப் பற்றித்தான். "இவர்தானே போன வாரம் நீதிபதியாக வந்தவர்?" என்பார் ஒருவர். "இல்லை, போன வாரம் தூக்கில் தொங்கியவர்" என்பார் மற்றொருவர். இருவரும் ஒரே மனிதரைச் சொல்லலாம். வெவ்வேறு இருவரையும் சொல்லலாம். விசாரணை முடிவதற்குள் அந்த ஆசாமி சுடப்பட்டு, தொப்பி முகத்தின்மேல் கவிழ விழுந்து விடுகிறார். பிறகு அடையாளம் பார்ப்பது எப்படி?

இவ்வாறு ஒருவருக்குப் பதில் மற்றொருவராக எண்ணப்பட்டவர்களின் ஜாபிதா மிக நீளம். அதில் நாம் முதல் தாம்பூலம் கொடுக்க விரும்புவது ஜான் ஆண்டர்ஸன், ராயல் டேனோ என்னும் இருவருக்கு. ஆண்டர்ஸன் 1922-ம் வருஷம் அக்டோபர் 20-ம் தேதி இல்லினாய்ஸ் மாகாணத்தில் கிளேட்டன் என்ற ஊரில் பிறந்தார். டேனோ அதே வருஷம் நவம்பர் 16-ம் தேதி நியூயார்க் நகரத்தில் பிறந்தார். இருபத்தேழே நாள் வித்தியாசம். இருவரும் ஆறடிக்கு மேற்பட்ட உயரம்; இருவருக்கும் சதைப்பற்றில்லாத நீண்ட முகம், குழி விழுந்த கண்கள், கிணற்றுக்குள்ளிருந்து வருவது போன்ற கனத்த குரல். இருவரும் 'கன்ஸ்மோக்'கில் பல தடவை வந்தார்கள். இருவரும் 'ரைபிள்மேன்' தொடரிலும் பல தடவை வந்தார்கள். வந்த ஒவ்வொரு தடவையும் வேறு பெயர், வேறு தொழில், வேறு குற்றம். இத்தனைக்கும் பிறகு பார்க்கிறவர்களைக் குறை சொல்வதில் நியாயம் இல்லை.

உண்மையில், பார்க்கிறவர்கள் குழம்புவதற்கு வேண்டிய ஏற்பாடுகள் அனைத்தும் அந்தத் தொழிலிலேயே அமைந்திருந்தன. 1958-59 பருவத்தில் அமெரிக்காவில் ஜனங்கள் மிகுதியாகப் பார்த்த பத்துத் தொடர்களில் ஏழு, வெஸ்டர்ன் கதைகள். 'கன்ஸ்மோக்' ஒன்றே 1955 முதல் 1975 வரை இருபது பருவங்கள் ஓடி, 635 கதைகளைச் சொல்லித் தீர்த்தது. அந்த நாளில் ஒரு பருவம் என்றால் சுமார் முப்பத்தொன்பது வாரம். வாரத்துக்கு ஒரு கதை. கதைக்கு ஒரு புது வில்லன். வில்லனுக்கு இரண்டு கையாட்கள். ஒரு பயந்த கடைக்காரர். நிலத்தைப் பறிகொடுத்த ஒரு குடியானவர். இத்தனை பேருக்கும் முகம் எங்கிருந்து வரும்? சில நூறு நடிகர்களே திங்கட்கிழமை ஒரு பண்ணையிலும் வியாழக்கிழமை மற்றொரு பண்ணையிலுமாகச் சுற்றிச் சுற்றி வந்தார்கள். அவர்கள் மாறி மாறிச் செத்து விழுந்த தெருவும் பெரும்பாலும் ஒன்றுதான். முகப்புப் பலகை மட்டுமே மாறும்.

அரை மணி நேரக் கதையில் விளம்பரங்கள் போக மிஞ்சுவது சுமார் இருபத்தைந்து நிமிஷம். அதற்குள் ஒரு மனிதன் நல்லவனா கெட்டவனா என்று விஸ்தரித்துக் கொண்டிருக்க டைரக்டருக்கு அவகாசம் ஏது? கதவைத் திறந்தவுடனேயே முகம் அதைச் சொல்லிவிட வேண்டும். எனவே அவர்கள் நடிகரைத் தேடவில்லை, ஜாடையைத் தேடினார்கள். ஒல்லியாக, உயரமாக, சோகமாக ஒருவர் வேண்டும் என்றால் ஆண்டர்ஸன் கிடைத்தாலும் சரி, டேனோ கிடைத்தாலும் சரி. நம்முடைய பழைய நாடகக் கம்பெனிகளின் பாஷையில் சொன்னால், ராஜபார்ட்டுக்குத்தான் பெயர். சில்லறை வேஷத்துக்கு ஆள் இருந்தால் போதும்.

ஜாக் ஈலம் என்பவரை நேயர்களில் பலர் பார்த்திருக்கலாம். ஒரு கண் நம்மைப் பார்க்கும், மற்றொரு கண் வேறெங்கோ பார்க்கும். சிறு வயதில் மற்றொரு பையன் பென்ஸிலால் குத்தியதில் அவருடைய இடது கண் பார்வை போய்விட்டது. கணக்கராக வேலை பார்த்துக் கொண்டிருந்தவர் பிறகு நடிகரானார். எந்தக் கண் அவருக்கு நஷ்டமோ அந்தக் கண்ணே சோறு போட்டது. அவருடைய வாழ்க்கையை ஐந்து கட்டமாகச் சொல்லும் வேடிக்கை ஒன்று ஹாலிவுட்டில் வழங்குகிறது. முதலில், "யார் இந்த ஈலம்?" என்று கேட்பார்களாம். அடுத்து, ஈலமைக் கூப்பிடு என்பார்களாம். மூன்றாவது, ஈலம் மாதிரி ஒருவரைக் கூப்பிடு. நான்காவது, ஈலம் மாதிரியே, ஆனால் வயது குறைந்த ஒருவரைக் கூப்பிடு. ஐந்தாவதாக, மறுபடியும், "யார் இந்த ஈலம்?" இதே வேடிக்கையை வேறு பல நடிகர்களின் பெயரை வைத்தும் சொல்கிறார்கள். மாற்றி எண்ணப்படுவதைப் பற்றிய வேடிக்கைக்கே நிலையான சொந்தக்காரர் இல்லை!

சிரிப்பது இருக்கட்டும். மூன்றாவது கட்டத்தில்தான் விஷயம் வயிற்றைத் தொடுகிறது. 'அவர் மாதிரி ஒருவர்' கிடைக்கும்போது அவருக்குக் கூலி குறையும். மேலும், இந்தக் கதைகள் ஒரு தடவையோடு நின்றவையும் அல்ல. திரும்பத் திரும்பக் காட்டப்பட்டவை. ஆனால் நடிகர் சங்கத்தின் பழைய ஒப்பந்தங்களின்படி, மறு ஒளிபரப்புக்கான பணம் குறிப்பிட்ட சில தடவைகளுக்கு மட்டுமே உண்டு. அதோடு கணக்குத் தீர்ந்தது. அந்த வரம்பு எடுபட்டது 1974-ல்தான். அதற்குள் வெஸ்டர்ன் தொடர்களின் பெரும்பகுதி எடுத்து முடிந்து விட்டது. ஆகவே, பழைய தொடர் ஒன்றில் ஒருவர் நூறாவது தடவையாகச் சுடப்பட்டு விழும்போது, அவருக்குக் கிடைக்கக்கூடிய பாக்கி ஒன்றே ஒன்று: பார்க்கிறவர் அவரைப் பெயர் சொல்லி அடையாளம் காண்பது. அதையும் பக்கத்து ஆசாமிக்குக் கொடுத்து விடுகிறோம்.

பெயருக்காகப் பாடுபட்டவர்கள் இல்லாமலில்லை. ஹாரி மார்கன் என்ற நடிகர் முதலில் ஹென்ரி மார்கன் என்ற பெயரில்தான் நடித்தார். ரேடியோவில் அதே பெயரில் ஒரு ஹாஸ்யக்காரர் கொடிகட்டிப் பறந்ததால், குழப்பம் வேண்டாம் என்று தம் பெயரையே மாற்றிக்கொள்ள நேர்ந்தது. இதற்கு நேர்மாறானவர் எல். க்யூ. ஜோன்ஸ். அவருடைய சொந்தப் பெயர் ஜஸ்டஸ் மக்வீன். 1955-ல் வந்த 'பேட்டில் க்ரை' படத்தில் அவர் ஏற்ற பாத்திரத்தின் பெயர் எல். க்யூ. ஜோன்ஸ். வேஷத்தைக் கலைத்தவர் பெயரைக் கலைக்கவில்லை. ஆயுள் முழுவதும் அதையே வைத்துக் கொண்டார்.

சரி, ஆண்டர்ஸனையும் டேனோவையும் பிரித்தறிவது எப்படி? நம்முடைய அபிப்பிராயம் இது: மூக்கையும் கன்னத்தையும் பார்த்துப் பயனில்லை, அந்த மனிதர் எதிரில் இருப்பவரை எப்படிப் பார்க்கிறார் என்று கவனிக்க வேண்டும். ஆண்டர்ஸன் எடை போடுவார். ஹிட்ச்காக்கின் 'ஸைக்கோ' (1960) படத்தில் பழைய மோட்டார் விற்கும் வியாபாரியாக வருகிறாரே, அந்தச் சிறு காட்சியே போதும். பேரமே பேசாமல் ஒரு பெண் பணத்தை எண்ணிக் கொடுக்கிறாள். லாபம் வந்த சந்தோஷத்துக்குப் பதில், சந்தேகம் அவர் முகத்தில் மெல்ல மெல்ல ஏறுகிறது. ஸாம் பெக்கின்பாவின் 'ரைட் தி ஹை கண்ட்ரி' (1962) படத்தில் முரட்டுச் சகோதரர்கள் ஐவரில் ஒருவராக வரும்போதும் அதே கண், மேற்படி எல். க்யூ. ஜோன்ஸும் அந்த ஐவரில் ஒருவர்.

டேனோ எடை போட மாட்டார். எதையோ பறிகொடுத்தவர் போல் பார்ப்பார். குடிகாரர், பித்துப்பிடித்த உபதேசி, யுத்தத்தில் நொறுங்கிப்போன சிப்பாய் என்றால் அவரைக் கூப்பிட்டார்கள். அவர் பறிகொடுத்த ஒன்று நமக்குத் திட்டமாகத் தெரியும். ஜான் ஹ்யூஸ்டன் எடுத்த 'தி ரெட் பாட்ஜ் ஆப் கரேஜ்' (1951) படத்தில் கந்தல் உடைச் சிப்பாயாக அவர் நடித்தார். அந்தச் சிப்பாய் சாகும் காட்சி பிரமாதமாக அமைந்ததென்று பார்த்தவர்கள் சொன்னார்கள். முன்னோட்டத்துக்கு வந்த ஜனங்களுக்குப் படம் பிடிக்கவில்லை என்று கம்பெனியார் கத்தரிக்கோலை எடுத்தபோது அந்தக் காட்சி போய்விட்டது. அந்தப் படம் எடுக்கப்பட்ட கதையை லில்லியன் ராஸ் என்ற அம்மையார் எழுதிய 'பிக்சர்' என்னும் புத்தகத்தில் இந்த விவரமெல்லாம் பதிவாகியிருக்கிறது. காட்சி இல்லை, அதைப் பற்றிய எழுத்து இருக்கிறது.

இருவருக்குமுள்ள ஒற்றுமையில் பெரியதை இன்னும் சொல்லவில்லை. அந்த நீண்ட முகமும் குழிந்த கண்ணும் அமெரிக்கர்களுக்கு எப்போதும் ஒரே ஒருவரைத்தான் ஞாபகப்படுத்தும்: ஆப்ரஹாம் லிங்கனை. டேனோ 1952-53-லேயே 'ஆம்னிபஸ்' என்ற டெலிவிஷன் நிகழ்ச்சியில், ஜேம்ஸ் ஏஜி எழுதிய தொடர் நாடகத்தில் லிங்கனாக நடித்தார். 1961-ல் 'ரைபிள்மேன்' தொடரின் ஒரு கதையில், தானே லிங்கன் என்று நம்பிக்கொண்டிருக்கும் ஓர் அப்பாவியாக வந்தார். அதாவது, தம்மை வேறொருவராக எண்ணிக்கொள்ளும் மனிதர் வேஷம். அதை யார் போட்டார் என்பதிலும் பார்க்கிறவர்களுக்குச் சந்தேகம்!

1964-ல் நியூயார்க்கில் நடந்த உலகப் பொருட்காட்சியில், இல்லினாய்ஸ் மாகாணத்தாரின் மண்டபத்தில் வால்ட் டிஸ்னி ஒரு யந்திர லிங்கனை நிறுத்தினார். அது நாற்காலியிலிருந்து எழுந்து நின்று பிரசங்கம் செய்தது. அதன் முகத்தை, லிங்கன் உயிரோடிருந்தபோது 1860-ல் எடுத்த முக அச்சைக் கொண்டு செய்தார்கள். குரல் டேனோவுடையது. டெலிவிஷனில் பெயரில்லாத முகமாகத் திரிந்தவர் அங்கே முகமும் இல்லாத குரலாகி விட்டார். கேட்டவர்கள், இதல்லவா லிங்கனின் குரல் என்று உருகினார்கள். லிங்கனை நேரில் கேட்டவர்கள் எழுதி வைத்திருப்பதோ வேறு: அவருடைய குரல் கனத்ததல்ல, மெல்லிய, உச்ச ஸ்தாயிக் குரல். இல்லினாய்ஸ் மண்டபத்தில் லிங்கனாகப் பேசியது ஒரு நியூயார்க்காரரின் தொண்டை.

இல்லினாய்ஸில் பிறந்த ஆண்டர்ஸனும் லிங்கனை விட்டுவிடவில்லை. 1977-ல் வெளிவந்த 'தி லிங்கன் கான்ஸ்பிரஸி' என்ற படத்தில் லிங்கன் அவர்தான். அதைப் பார்த்துவிட்டு எழுந்தவர்களில் எத்தனை பேர், "ராயல் டேனோவைப் போல் யாரால் நடிக்க முடியும்?" என்று சொல்லிக்கொண்டே வீட்டுக்குப் போனார்களோ!