வானலை யாருடைய சொத்து?

பகிர்ந்துண்பது அறம் என்பர். அமெரிக்காவிலோ அதுவும் வணிகமாயிற்று! 6 மெகாஹேட்ஸ் அகலமுள்ள ஓர் அலைவரிசையில் முன்னர் ஒரு தொலைக்காட்சி நிலையமே இயங்கியது. டிஜிற்றல் முறை வந்தபின் இரண்டு நிலையங்கள் அதனைப் பகிர்ந்துகொள்ளலாம். இவ்விஞ்ஞான வளர்ச்சியை நாம் வரவேற்கின்றோம். ஆயின், பகிர்வால் மிஞ்சியது யாரைச் சேர்ந்தது?

2017இல் முடிவுற்ற ஏலத்தில் 70 மெகாஹேட்ஸ் கைப்பேசிச் சேவைக்கென ஏறத்தாழ 1,980 கோடி டொலருக்கு விலைபோயிற்று. அதிற் பாதிக்கு மேல், தம் அலைவரிசையைக் கைவிட்ட அல்லது மாற்றிக்கொண்ட 175 நிலையங்களின் உரிமையாளரைச் சென்றடைந்தது.

அந்நாட்டின் 1934ஆம் ஆண்டுச் சட்டம் ஒலிபரப்பாளருக்கு வழங்குவது பயன்படுத்தும் உரிமத்தையே, உடைமையையன்று. இரவல் வாங்கியவன் பொருளைத் திருப்பித்தர விலை கேட்பது எவ்வகை நியாயம்? வானலை மக்களின் பொதுச்சொத்து. பகிர்வின் பயனும் மக்களையே சேரவேண்டும் என்போம் நாம்.