உளூச் செய்யும் கை பாதத்தையும் பார்க்கட்டும்



உலகின் பல நாட்டு மக்களின் கால்களுக்குக் காலணி செய்து அனுப்பும் ஊர்கள் நம்முடையவை. ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, மேல்விஷாரம், ராணிப்பேட்டை என நீளும் இத்தோல் தொழில் வட்டாரத்தில், பிறர் பாதத்தின் அளவை அறிந்து உழைப்பதே பல குடும்பங்களின் ரிஸ்க்காக இருக்கிறது. ஆனால் நம் சொந்தப் பாதங்களை நாம் பார்க்கிறோமா? நீரிழிவு பெருகிவரும் இக்காலத்தில் இக்கேள்வியைத் தள்ளிப்போட இயலாது.

நம் நாட்டில் ஏறத்தாழ 10.1 கோடிப் பேர் நீரிழிவுடன் வாழ்கிறார்கள் என, இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் துணையுடன் நடந்து 2023-இல் வெளியான ஆய்வு கூறுகிறது. இரத்தத்தில் சர்க்கரை பல ஆண்டுகள் கட்டுக்கடங்காமல் இருந்தால் கால் நரம்புகள் மெல்ல உணர்விழக்கின்றன. இரத்த ஓட்டமும் குறைகிறது. அதன்பின் முள் தைத்தாலும் தெரிவதில்லை. செருப்புக் கடித்தாலும் உறைப்பதில்லை. வலிக்காத புண்ணை எவரும் பொருட்படுத்துவதில்லை. அது சீழ் வைத்து எலும்பைத் தொட்டபின் விரலையோ காலையோ அகற்ற வேண்டிய நிலை வருகிறது.

இந்த உண்மையை உலகுக்கு விளக்கியதில் நம் வேலூருக்குப் பெரும் பங்குண்டு. கொல்லிமலையில் பிறந்த மருத்துவர் பால் பிராண்ட் 1946-இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் பணியேற்றார். தொழுநோயாளிகளின் விரல்கள் நோயால் தாமாக அழுகி விழுவதில்லை. வலி உணராததால் ஏற்படும் காயங்களே அவற்றை அழிக்கின்றன என்பதை அவர் எடுத்துக்காட்டினார். உணர்விழந்த கால்களுக்கென மென்மையான எம்.சி.ஆர். ரப்பர் செருப்புகள் வேலூரிலும் கரிகிரியிலும் பயன்பாட்டுக்கு வந்தன. அதே பாடமும் அதே வகைச் செருப்பும் இன்று நீரிழிவு நோயாளிகளின் கால்களைக் காக்கின்றன. வலி என்பது அல்லாஹ் நமக்கு அளித்த காவல். அக்காவல் போய்விட்டால், கண்ணும் கையுமே அதன் வேலையைச் செய்தாக வேண்டும்.

மார்க்கம் நமக்கு அதற்கான வழியை முன்பே தந்திருக்கிறது. மதரஸாவில் உளூவின் சட்டங்களைக் கற்பிக்கும்போது, இரு கால்களையும் கரண்டை உட்பட கழுவுவது ஃபர்ளு என்றும், விரல்களின் இடுக்குகளைக் கோதிக் கழுவுவது சுன்னத் என்றும் சொல்லித் தருகிறோம். குதிகால் நனையாமல் விட்டவர்களை நபி (ஸல்) அவர்கள் கடுமையாக எச்சரித்த செய்தியையும் எடுத்துரைக்கிறோம். நாளுக்கு ஐந்து வேளைத் தொழுகைக்காகப் பாதத்தின் ஒவ்வோர் இடுக்கையும் தொடும் சமுதாயத்தில் ஒரு புண் கவனிப்பாரற்று வளர்கிறதென்றால், நம் கை தொடுகிறது, கண் பார்க்கவில்லை என்றே பொருள். நாளுக்கு ஒரு முறையேனும் கழுவிய பாதத்தை வெளிச்சத்தில் திருப்பிப் பார்க்க வேண்டும். குனிய இயலாத பெரியவர்களுக்கு மகனோ மகளோ பார்த்துச் சொல்லலாம். அதுவும் பெற்றோருக்குச் செய்யும் பணிவிடையே. பின்னர் விரலிடுக்கில் ஈரம் தங்காதவாறு துடைத்துவிட வேண்டும். உளூவுக்குப் பின் துடைத்துக்கொள்ளத் தடை ஏதுமில்லை. வெந்நீரின் சூட்டைக் காலால் அன்றி முழங்கையால் சோதிக்க வேண்டும்.

புண் வந்தபின் உளூ முறிந்துவிடுமோ, நிறைவேறாதோ என அஞ்சிக் கட்டைப் பிரித்து நனைப்போரும் உளர். இது தேவையற்ற சிரமம். கட்டின் மீது ஈரக் கையால் மஸஹ் செய்ய மார்க்கத்தில் சலுகை உண்டு. சந்தேகம் இருப்பின் ஆலிமிடம் கேட்டறியலாம். புண்ணை மட்டும் மருத்துவரிடம் மறைக்கக் கூடாது.

ஜமாஅத்துகளுக்கும் இதில் கடமை உண்டு. வேலூர் வெயிலில் ஜுமுஆ நேரத்துப் பள்ளிவாசல் முற்றம் எப்படிக் கொதிக்கும் என்பதை நாம் அறிவோம். உணர்வுள்ளவர் துள்ளிக் கடப்பார். உணர்விழந்தவர் நின்று வெந்துபோவார். செருப்புக் கழற்றும் இடத்திலிருந்து ஹவுள் வரையிலும், அங்கிருந்து உள்பள்ளி வரையிலும் விரிப்புப் போடுவது பெரிய செலவன்று.

எனினும் பாதத்தைக் காப்பது பாதி வேலையே. வேர் சர்க்கரையில் இருக்கிறது. ஆம்பூர் பிரியாணியும் மக்கன் பேடாவும் நம் விருந்தோம்பலின் பெருமை. ஆயினும் வலீமாவில் மறுப்பவரை வற்புறுத்தி இரண்டாம் முறை பரிமாறுவது அன்பாகாது. மருந்தை நிறுத்திவிட்டு துஆவை மட்டும் நம்புவதும் தவக்குலாகாது. நோய்க்கு மருத்துவம் செய்துகொள்ளுமாறு கற்பித்தவர்களே நம் நபி (ஸல்) அவர்கள். மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி பரிசோதனையை மருத்துவர் சொல்லும் தவணையில் செய்வதும், ஆண்டுக்கு ஒரு முறையேனும் பாதத்தின் உணர்வைச் சோதித்துக்கொள்வதும் அவசியம். 2021-இல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் நீரிழிவு மாத்திரைகள் வீட்டுக்கே வருகின்றன. அரசு கொடுக்கும் மாத்திரைதானே என அவற்றை அலமாரியில் அடுக்கி வைப்பதில் யாருக்கு நன்மை?

உடல் அல்லாஹ்வின் அமானிதம். ஸஃப்பில் நிற்கும் கால் அந்த அமானிதத்தின் ஒரு பகுதி. அடுத்த தொழுகைக்கு உளூச் செய்யும்போது, கழுவிய காலை ஒரு கணம் பார்த்துவிட்டே எழுவோம். நோயுற்ற அனைவருக்கும் அல்லாஹ் நிறைவான ஷிஃபாவை வழங்குவானாக! ஆமீன்.