வரப்பறியாத பழ ஈயை ஒற்றுமையே ஒழிக்கும்!

புதுக்கோட்டை மாவட்டத்தில் ஆலங்குடி, வடகாடு, கொத்தமங்கலம், கீரமங்கலம் பகுதிகள் மாவுக்கும் பலாவுக்கும் வாழைக்கும் பேர்போனவை. 2018 நவம்பர் 16ல் அடித்த கஜா புயலில் இங்கே ஆண்டாண்டாக வளர்த்த மரங்கள் வேரோடு சாய்ந்தன. கடன்பட்டு மறுபடி கன்று வைத்தார்கள் விவசாயிகள். அந்த மரம் காய்க்கும்போது பங்கு கேட்க வருகிறது பழ ஈ. வெளியே பார்த்தால் பழம் பொன்னாக இருக்கிறது. பிளந்தால் புழு நெளிகிறது.

"மருந்தடி" என்கிறார் கடைக்காரர். அடித்துப் பயனென்ன? தாய் ஈ முற்றிய காயின் தோலைக் குத்தி உள்ளேதான் முட்டையிடுகிறது. ஓரிரு நாளில் பொரிக்கும் புழு சதைக்குள்ளேயே வளர்கிறது. தோலுக்கு மேல் தெளிக்கிற மருந்து அதை எப்படித் தொடும்? பழம் அழுகி விழுந்ததும் புழு மண்ணுக்குள் இறங்கிக் கூட்டுப்புழுவாகி, பத்து நாள்போல் கழித்து ஈயாகப் பறக்கிறது. சிறு விவசாயி கடன் வாங்கி மருந்து வாங்குகிறான். கூலிக்குத் தெளிக்கும் தொழிலாளி உறையும் முகமூடியும் இல்லாமல் நஞ்சைச் சுவாசிக்கிறான். கம்பெனி லாபம் எடுக்கிறது. ஈ மட்டும் சாகவில்லை!

வழி இல்லாமல் இல்லை. பீகாரிலுள்ள பூசா ஆராய்ச்சி நிலையத்தில் ஹவ்லெட் என்ற விஞ்ஞானி, ஒருவகை எண்ணெயின் வாசனைக்கு ஆண் பழ ஈக்கள் கூட்டமாக வருவதை 1912லேயே எழுதி வைத்தார். மெதைல் யூஜினால் என்ற பொருளுக்கு அவை ஓடி வருவதை 1915ல் அவரே எடுத்துச் சொன்னார். நம் வீட்டுத் துளசியிலும் இருக்கிற பொருள்தான் அது. அதில் சிறிது பூச்சிமருந்தும் கலந்து, மரக்கட்டையில் ஊறவைத்துப் பொறிக்குள் தொங்கவிட்டால் ஆண் ஈக்கள் வந்து மடியும். அத்துடன் விழுந்த பழங்களை அன்றன்றே பொறுக்கி ஆழக் குழிதோண்டிப் புதைக்க வேண்டும். கோடையில் மரத்தடி மண்ணைக் கிளறிவிட்டால் கூட்டுப்புழு வெயிலில் காயும், பறவையும் கொத்தும்.

ஆனால் ஒருவர் மட்டும் செய்தால் போதாது. தப்பிய ஓர் ஆண் ஈ பல பெண் ஈக்களோடு சேரும். பக்கத்துத் தோப்பில் சேர்ந்து சினையான பெண் ஈ வரப்பைத் தாண்டி வந்து முட்டையிடும். ஒரு பகுதி மட்டும் வேலைநிறுத்தம் செய்தால் ஆலை நிற்காது என்பது ஆலைத் தொழிலாளிக்குத் தெரியும். அதே கணக்குதான் இங்கும்! 1960களின் முற்பகுதியில் பசிபிக் கடலிலுள்ள ரோட்டா என்ற சிறு தீவில், இதே பொருளில் ஊறிய அட்டைத் துண்டுகளைத் தீவு முழுவதும் விமானத்திலிருந்து போட்டார்கள். ஈ பூண்டோடு ஒழிந்தது. தனித்தனித் தோப்பாகப் பார்க்கவில்லை. தீவையே ஒன்றாகப் பார்த்தார்கள்.

"தோப்பு யாருடையதோ, நமக்கென்ன?" என்று விவசாயத் தொழிலாளி இருந்துவிடலாமா? கூடாது. மகசூல் கெட்டால் முதலில் வெட்டப்படுவது காய் பறிக்கிறவர், சுமை தூக்குகிறவர் கூலிதான். பழ ஈ முதலிய பூச்சிகள் இருந்ததால் ஐரோப்பிய ஒன்றியம் 2014 மே 1 முதல் இந்திய மாம்பழத்தையும் பாகல், புடலை உள்ளிட்ட நான்கு காய்கறிகளையும் தடுத்தது. மாம்பழத் தடை 2015ல்தான் நீங்கியது. சந்தை அடைபட்டால் வியாபாரி விலையைக் குறைப்பான். அந்தச் சுமை படிப்படியாக இறங்கிக் கூலிக்காரன் தலையில் வந்து நிற்கும். புழுத்த பழத்துக்குக் காசு கொடுத்து ஏமாறுவதோ நகரத்து ஆலைத் தொழிலாளி.

ஆகவே நாம் கேட்கிறோம்: காய் முற்றுவதற்கு முன்பே கிராமம் முழுவதற்கும் ஒரே நேரத்தில் அரசு செலவில் பொறி வழங்கு! விழுந்த பழம் பொறுக்கிப் புதைக்கும் வேலைக்கு நியாயக் கூலி கொடு! மருந்து தெளிப்பவருக்குக் கையுறையும் முகமூடியும் கட்டாயமாக்கு! வம்பன் வேளாண் அறிவியல் நிலையத்தின் அறிவு தோப்புக்காரர் வாசலோடு நிற்காமல் தொழிலாளர் தெருவுக்கும் வரட்டும்!

கோரிக்கை எழுப்புவதோடு நம் கடமை தீராது. விவசாயிகள் சங்கமும் விவசாயத் தொழிலாளர் சங்கமும் ஊர்தோறும் கூடிப் பேசி, பொறி கட்டும் நாளை ஒன்றாகக் குறிக்க வேண்டும். ஈக்கு வரப்பில்லை, நமக்கும் வரப்பு வேண்டாம்!